அண்ணி யாரையும் முந்துவதில்லை

என் நாத்தனாருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒன்பது வருடமாகச் சைக்கிள் ஓட்டிப் பிழைக்கிறார். இந்த ஒன்பது வருடத்தில் அவர் ஒரு ஆளைக்கூட முந்திப் போனதில்லை. சிரிக்காதீர்கள், அதுதான் அவர் வேலை.

முதலில் எங்கள் குடும்பத் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஏரிகளையும் காடுகளையும் சைக்கிளில் ஆற அமரச் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை மூன்று நாள் கூட்டிப்போவோம். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர். ஏழு ஏரிகள், நடுநடுவே காடு, ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் கிடையாது. என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் முன்னால் போவார். பாதை பிரிகிற இடத்தில் எல்லாம் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் அம்புக்குறி போட்டுவிட்டுப் போவார். பெட்டிகளையும் மதியச் சாப்பாட்டையும் வேனில் ஏற்றிக்கொண்டு நான் தார்ரோடு வழியாகச் சுற்றி வருவேன். கடைசி ஆளுக்கும் பின்னால் அண்ணி வருவார். நாத்தனாரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் கடைசியக்கா.

கடைசியில் வருவது என்ன பெரிய வித்தை என்று நானும் கேட்டவள்தான். ஒருநாள் வேன் ரிப்பேராகி, மரத்தடியில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதை முழுசாகப் பார்த்தேன். ஒரு குண்டு மனிதர் மேட்டில் ஏற முடியாமல் இறங்கி நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அண்ணி இருபது அடி தள்ளியே இறங்கிவிட்டார். குனிந்து தன் சைக்கிள் சங்கிலியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். அந்தச் சங்கிலிக்கு ஒரு குறையும் இல்லை. தனக்காக ஒருத்தி காத்திருக்கிறாள் என்று அந்த மனிதருக்குத் தோன்றக்கூடாது, அவ்வளவுதான். அவர் ஏறி மிதித்த பிறகுதான் இவர் கை துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை அந்தச் சங்கிலியைக் கழற்றி மாட்டியிருப்பார் என்று அந்தச் சங்கிலிக்குத்தான் தெரியும்.

இதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயாவாக இருந்தார். பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு, கடைசியில் பின்சீட்டு வரை நடந்துபோய்க் குனிந்து பார்ப்பார். வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம், இரண்டு சீட்டுக்கு நடுவில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தையை அப்படிக் கண்டுபிடித்தாராம். பஸ்ஸைப் பூட்ட டிரைவர் சாவியைக் கையில் எடுத்தாகிவிட்டது. வெயில் காலம். அன்றிலிருந்து எண்ணுகிற பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. குடும்பத்தோடு சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் எங்களை எண்ணுவார். என் வீட்டுக்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவர் தலையையும் தொட்டு எண்ணுவார்.

அண்ணிக்கு வாய்த்த புருஷன் கப்பலில் சமையல்காரர். வருடத்துக்கு இரண்டு மாதம்தான் கரையில் இருப்பார். முப்பது வருடக் கல்யாணத்தில் இருவரும் சேர்ந்திருந்தது கூட்டிப்பார்த்தால் ஐந்து வருடம் தேறும். அதனால்தான் இன்னும் ஒருவரை ஒருவர் பார்த்ததும் முகம் மலர்கிறது என்று நான் கிண்டல் செய்வேன். ‘நீயும் உன் புருஷனைக் கப்பல் ஏத்திப் பாரேன்’ என்பார்.

இப்படிப்பட்டவரை வேலையை விட்டு அனுப்ப வழி சொன்னவள் நான்தான். ஒளிப்பதில் பயனில்லை. கடைசி ஆள் எவ்வளவு மெதுவாக வருகிறாரோ அவ்வளவு மெதுவாக அண்ணி வருவார். மதியச் சாப்பாடு ஆறும். சாயங்காலம் விடுதிக்காரர் முகம் சுளிப்பார். எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, வழி தவறினால் கூப்பிட மாட்டார்களா, போய் வேனில் ஏற்றிக்கொள்ள மாட்டேனா என்று என் வீட்டுக்காரரிடம் ஒரு மாதம் விடாமல் ஓதினேன். அவர் கடைசியில் தலையை ஆட்டினார். இந்த சீசனோடு போதும் என்று அக்காவிடம் சொல்லவும் செய்தார்.

‘‘நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாடா?’’ என்று மட்டும் அண்ணி கேட்டார்.

‘‘அதெல்லாம் இல்லக்கா’’ என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் ரொட்டி வெட்டுவதில் மும்முரமாக இருந்தேன். அண்ணி வெளியே போய், காற்று நிறைந்திருந்த டயருக்கு மறுபடி காற்றடித்தார். அந்த வேலை அவருக்கு உயிர் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சீசன் முடிய மூன்று பயணம் பாக்கி. அதில் முதல் பயணத்தில் கண்ணாடிக்கடை அம்மா வந்து சேர்ந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேமுக்குத் திருகாணி போடுகிற வேலை. ஐம்பத்துமூன்று வயதில், நாலு மாதத்துக்கு முன்னால்தான் சைக்கிள் கற்றுக்கொண்டவர். மைதானத்தில் நன்றாக ஓட்டுவாராம். ரோட்டுக்கு வந்தால் பின்னால் என்ன வருகிறதோ என்ற பயம். திரும்பித் திரும்பிப் பார்ப்பார். தலை திரும்பும் பக்கம் கையும் திரும்பும், கை திரும்பும் பக்கம் சைக்கிளும் போகும். முதல் நாள் காலையிலேயே இரண்டு தடவை வேலியில் போய்ச் சாய்ந்தார். மறுநாளே ஊருக்குத் திரும்பிவிடப் போகிறேன் என்று முனகினார்.

அண்ணி அவர் கையில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்துவிட்டுச் சொன்னார். ‘‘இனிமே பின்னாடி பாக்காதீங்க. பின்னாடி பாக்கறது என் வேலை. என்ன வந்தாலும் என்னைத் தாண்டித்தான் உங்ககிட்ட வரணும்.’’

‘‘நீங்க நிச்சயமா இருப்பீங்களா?’’

‘‘நான் எங்க போகப் போறேன்? பேசிக்கிட்டே போங்க. பேசினா கழுத்து நேரா நிக்கும்.’’

அன்று சாயங்காலம் வரை அந்த அம்மா பேசிக்கொண்டே ஓட்டினார். லென்ஸ், மருமகள், வாடிக்கையாளர்களின் மூக்கு வகைகள் என்று எல்லாம் வந்தது. வேலியில் அதற்குப் பிறகு சாயவில்லை. அந்தக் குழுவில் அவருக்கு அடுத்தபடி மெதுவாக ஓட்டியவர் ஒரு கணக்கு வாத்தியார்.

இரண்டாம் நாள்தான் நான் செய்த கூத்து.

மூன்றாம் ஏரிக்கு முன்னால், காட்டுக்குள் ஒரு இளம் தம்பதிக்குப் பஞ்சர். கண்ணாடிக்கடை அம்மா சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தார். அண்ணி அவரை நிறுத்தவில்லை. ‘மெதுவா போய்க்கிட்டே இருங்க, வந்துடறேன்’ என்று குரல் கொடுத்துவிட்டு டயரைக் கழற்ற உட்கார்ந்தார். வேலை முடிந்து மூவரும் கிளம்பிப் பாதை பிரிகிற இடத்துக்கு வந்தபோது, மரம் ஏற்றிப்போகிற டிராக்டர் ஒன்று அம்புக்குறி மேல் ஏறி இறங்கிப் போயிருந்தது. பாதி அம்புதான் மிச்சம். அண்ணிக்கு வழி மனப்பாடம். ஆனால் அந்தப் பாதி அம்பு அவர் மனதை உறுத்தியிருக்கிறது.

ஏரிக்கரையில் வேனை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, பன்னிரண்டு சாப்பாட்டு டப்பாக்களை வரிசையாக வைத்திருந்தேன். வருகிறவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு நிழல் தேடிப் போய்விடுவார்கள். ஒருவர் மரத்தடியில், ஒருவர் படகுத்துறையில், ஒருவர் நாணல் மறைவில். டப்பா தீர்ந்தால் ஆள் வந்தாயிற்று என்பது நான் கண்டுபிடித்த கணக்கு. அண்ணி வந்து சேர்ந்தபோது தம்பதியின் இரண்டு டப்பாதான் மிச்சம்.

‘‘கண்ணாடிக்கடை அம்மா வந்தாச்சா?’’ என்றார்.

‘‘இந்த ரெண்டு டப்பாதான் பாக்கி. எல்லாரும் வந்தாச்சு அண்ணி.’’

‘‘நீ பாத்தியா?’’

‘‘நான் சாப்பாடு போடறதா, ஆள் பாக்கறதா?’’

அண்ணி கரையைப் பார்த்து விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அன்றைக்கு வெயில், முட்டை வேறு சரியாக வேகவில்லை. ‘‘அண்ணி, இது ஸ்கூல் பஸ் இல்ல. வந்திருக்கறவங்க பெரிய மனுஷங்க. விரலை நீட்டி எண்ணினா அவங்களுக்கு எப்படி இருக்கும்?’’ என்றேன். சற்று உரக்கவே சொன்னேன். அந்தத் தம்பதி நிமிர்ந்து பார்த்தார்கள்.

அண்ணியின் விரல் மடங்கியது. நாலோடு நிறுத்திவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டு, எல்லாரும் கிளம்பும்வரை தனியாக நின்றார். கடைசிச் சைக்கிள் போன பிறகு தானும் ஏறிப் போனார். நான் டப்பாக்களைப் பொறுக்கினேன். பன்னிரண்டும் காலி. பார்த்தாயா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அரைமணி நேரத்தில் அண்ணியிடமிருந்து போன்.

‘‘அந்தம்மா வரலை. என் முன்னாடி கணக்கு வாத்தியார் போறார். அவங்க இவரைத் தாண்டி ஓட்டறவங்க இல்ல. வாத்தியார்கிட்ட கேட்டேன், சாப்பாட்டு நேரத்துலயே பாக்கலைங்கறார்.’’

‘‘டப்பா...’’ என்று இழுத்தேன்.

‘‘வாத்தியார் ரெண்டு சாப்பிட்டிருக்கார்.’’

ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மனிதர் என் கணக்கைக் கெடுத்துவிட்டார். பாவம், பசி. அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? கூப்பிட்டுப் பார்ப்போம், அதற்குத்தானே போன் என்று அந்த அம்மாவின் எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. வேனுக்குள்ளேயே அடித்தது. பெட்டிகளில் கீழிருந்து மூன்றாவதுக்குள் அவர் போன் பாடிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் ஓதி ஓதி நான் கட்டிய திட்டம் அது. அதன் லட்சணத்தை என் காதாலேயே கேட்டேன்.

அண்ணியையும் அவர் சைக்கிளையும் வேனில் ஏற்றிக்கொண்டு, டிராக்டர் போகிற அந்தக் காட்டுப்பாதை வழியாகவே திரும்பி விரட்டினேன். மற்றவர்களை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். ‘‘அண்ணி, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது’’ என்று ஆரம்பித்தேன். ‘‘ரோட்டைப் பாரு’’ என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். ஏரி கரையோரமே ஆழம். காட்டுக்குள் ஆள் நடமாட்டம் இல்லை. விழுந்தால் தூக்கிவிட ஒருத்தர் கிடையாது. நாலு மாதம் ஓட்டியவர். ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன செய்வேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

பாதை பிரிகிற இடத்தில் அண்ணி இறங்கினார். தவறான பக்கத்தில், டிராக்டர் போன தடத்துக்கு மேல், ஈர மண்ணில் ஒற்றைச் சைக்கிள் தடம் தெரிந்தது. அண்ணி குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

‘‘அவங்கதானா?’’ என்றேன்.

‘‘தெரியலை. அவங்க தடம் பாம்பு மாதிரி வளைஞ்சு போகும். இது கோணாம போயிருக்கு.’’

வேறு வழியில்லை, அந்தத் தடத்தையே பிடித்துக்கொண்டு போனோம். அது ஏரியின் மறுகரையைச் சுற்றிக் காட்டுக்குள் போகிற பாதை. குறுக்கே வேர்கள், ஓடைத் தண்ணீர், மேடு. சைக்கிள் தடம் எல்லாவற்றையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. நான் மீட்டரைப் பார்த்தபடி ஓட்டினேன். ஐந்து கிலோமீட்டர், எட்டு, பன்னிரண்டு.

பதினாலாவது கிலோமீட்டரில் ஓடை மேல் ஒரு சின்னக் கல்பாலம். அதன் கைப்பிடிச் சுவரில் சைக்கிள் சாய்ந்திருந்தது. கண்ணாடிக்கடை அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். வேன் சத்தத்தில் பயந்துவிடுவாரோ என்று தூரத்திலேயே நிறுத்தினேன். அண்ணி சைக்கிளை இறக்கி உருட்டிக்கொண்டு போக, நான் பின்னாலேயே நடந்தேன்.

சக்கரச் சத்தம் கேட்டதும் அந்த அம்மா திரும்பாமலே பேசினார். ‘‘ஏங்க்கா, ரொம்ப நேரமாப் பேசாமலே வர்றீங்க? நான் மட்டும் தொணதொணன்னு பேசிக்கிட்டே வரேன். கோவமா? சாப்பாடு இன்னும் வரலையேன்னு வேற பாத்தேன். இன்னிக்கு நல்லா ஓட்டினேன் இல்ல? ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலை.’’

அவருக்கு ஒன்றும் தெரியாது. அண்ணி ‘ஆமாம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் தப்பு வெளியே வராது. எங்கள் பெயர் கெடாது. அதோடு, பின்னால் அண்ணி இருக்கிற தைரியத்தில்தான் இப்படிப்பட்டவர்கூட ஓட்ட முடிகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அண்ணியின் வேலையும் நிலைத்துவிடும். சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று நான் அண்ணிக்குக் கண்ணால் ஜாடை காட்டினேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

‘‘அம்மா, நான் உங்க பின்னாடி இல்ல. பஞ்சர் ஒட்டினேனே, அதுக்கப்புறம் இல்ல. நீங்க வழி மாறி வந்துட்டீங்க. எங்களுக்கே இப்பத்தான் தெரியும்.’’

‘‘அப்போ யார் வந்தா?’’

‘‘யாரும் வரலை. தனியாத்தான் வந்தீங்க. பதினாலு கிலோமீட்டர்.’’

அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. காலையிலிருந்து முதல் தடவையாகத் திரும்பி, வந்த பாதையைப் பார்த்தார். மரங்களுக்கு நடுவே அது வெறிச்சென்று கிடந்தது. வேர்களையும் மேட்டையும் அவர் கண் ஒவ்வொன்றாகத் தேடியது. ரொம்ப நேரம் பார்த்தார். அழப்போகிறார், புகார் செய்யப் போகிறார், இதோடு நம் தொழில் முடிந்தது என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

‘‘அந்த மேட்டுலயும் யாரும் இல்லையா?’’ என்று கேட்டார்.

‘‘இல்லம்மா.’’

‘‘அங்க நான் இறங்கவே இல்லக்கா. மிதிச்சே ஏறிட்டேன்.’’ அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்து, சிரிப்பு வந்துவிட்டது. அண்ணிக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்கு மட்டும் என்ன, கல்லா நான்?

வேனில் ஏறச் சொன்னேன், கேட்கவில்லை. எனக்காக எடுத்து வைத்திருந்த ரொட்டியையும் வேகாத முட்டையையும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, அந்தப் பாதையிலேயே விடுதிக்கு மிச்சமிருந்த ஏழு கிலோமீட்டரையும் அவர் ஓட்ட, அண்ணி பின்னால் போக, நான் அண்ணிக்கும் பின்னால் முதல் கியரில் ஊர்ந்தேன். முன்னால் பேச்சு ஓயவில்லை. அந்த அம்மா நின்ற இடத்தில் எல்லாம் அண்ணி குனிந்து சங்கிலியைப் பார்த்துக்கொண்டார்.

விடுதி வாசலில் எல்லாரும் காத்திருந்தார்கள். கணக்கு வாத்தியார் மூலையில் கூனிக் குறுகி நின்றார். என் வீட்டுக்காரர் என்ன நடந்தது என்று கேட்டபோது, அண்ணி முந்திக்கொண்டு, ‘‘கடைசியில வர்றவ நான். என் பொறுப்புதான்’’ என்றார். ஒன்பது வருடத்தில் அவர் முந்திக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எண்ண வந்தவரை நான்தான் தடுத்தேன், ஆளைப் பார்க்காமல் டப்பாவைப் பார்த்தேன் என்று பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னேன். பின்னால் ஆள் வேண்டாம் என்று திட்டம் போட்டதும் நான்தான் என்று சேர்த்தே சொன்னேன். சொல்லி முடித்தபோது காதெல்லாம் சூடாக இருந்தது.

என் வீட்டுக்காரர் நேர்மையான மனிதர், சில சமயம் தேவைக்கு மேல். கண்ணாடிக்கடை அம்மாவைப் பார்த்து, ‘‘நீங்களே சொல்லுங்க. இவ்வளவு தூரம் தனியாவே வந்துட்டீங்க. பின்னாடி ஒரு ஆள் தேவையா?’’ என்று கேட்டே விட்டார்.

அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாலத்தில் உண்மையைச் சொன்னபோதே இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ‘‘என்னங்க இப்படிக் கேக்கறீங்க? அக்கா இருக்கணும். இருந்தாத்தானே, பின்னாடி இருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டுத் தனியா ஓட்ட முடியும்’’ என்றார்.

கணக்கு வாத்தியார் மெதுவாக, ‘‘சரிதான்’’ என்றார். நான் அண்ணியிடம் போனேன். அடுத்த சீசனும் நீங்கள் பின்னால் வர வேண்டும் என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டேன்.

‘‘யோசிச்சுச் சொல்றேன்’’ என்றார் அண்ணி.

நாத்தனார் ஆயிற்றே. என்னை அன்று ராத்திரி முழுக்கக் காக்க வைத்துவிட்டு, மறுநாள் காலை சைக்கிளில் ஏறும்போதுதான் சரி என்றார்.